காலரக்காவின் சிவப்பு அம்பு

காலை ஆறே முக்காலுக்கு நான் வேன் கதவைத் திறந்ததும் காலரக்கா ஏறிவிடமாட்டார். ஒரு காலைப் படியில் வைத்து, கதவோரம் பிய்ந்து தொங்கும் ரப்பரை ஒரு பார்வை பார்ப்பார். இடது புறங்கையில் வரிசையாக ஒட்டியிருக்கும் சிவப்பு அம்புகளில் ஒன்றை நகத்தால் நெம்பி எடுத்து, பிய்ந்த இடத்துக்கு நேராக ஒட்டுவார். "அண்ணே, ஆல்டர்" என்று சொல்லிவிட்டு உள்ளே போவார். முந்தாநாள் ஒட்டியதும் அங்கேதான் இருக்கும். போன மாதம் ஒட்டியதும் இருக்கும்.

நான் ஓட்டும் வேனில் வருகிறவர்கள் வேலை செய்வது சட்டைத் தொழிற்சாலையில். தைத்து முடிந்த சட்டை, விளக்கு மாட்டிய மேசைக்குப் போகும். அங்கே நிற்கும் செக்கர், தையல் கோணலாக இருந்தால் அந்த இடத்தில் சின்ன அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவார். திரும்பி வருகிற சட்டைக்கு ஆல்டர் என்று பெயர். பிழையைச் சரிசெய்து அம்பை உரித்துக் குப்பையில் போடுவதுதான் எல்லோருக்கும் வழக்கம். காலரக்கா மட்டும் புறங்கையில் ஒட்டிக்கொள்வார். பசை இருக்கிற பொருளை எறிய மனசு வராதாம்.

பதினாறு வருடமாகக் காலர் மட்டும் வைத்துத் தைக்கிறார். ஒருவர் கை தைப்பார், ஒருவர் பை தைப்பார், இவருக்குக் கழுத்து. அதனால்தான் அந்தப் பெயர். அவரைவிட எனக்குப் பன்னிரண்டு வயது கூட, நானும் காலரக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். தெருவில் யார் எதிரே வந்தாலும் முகத்தைப் பார்க்குமுன் கழுத்தைப் பார்க்கிற பெண்பிள்ளை அவர். என் சட்டையைப் பார்த்து, "இடது பக்கம் ஒரு நூல் ஏறியிருக்குண்ணே" என்று ஒருநாள் சொன்னார். அன்றிலிருந்து அந்தச் சட்டையைப் போட்டால் எனக்கே கழுத்து சாய்ந்த மாதிரி இருக்கிறது.

அம்பு வேனோடு நிற்பதில்லை. வீட்டில் ஒழுகும் குழாயில் ஒன்று, கீல் கழன்ற அலமாரியில் ஒன்று. கணவர் லேத்துப் பட்டறையில் வேலை பார்க்கிறவர், அதிகம் பேசாதவர். முதுகில் அம்போடு ஒருநாள் முழுக்கப் பட்டறையில் நின்றிருக்கிறார். சட்டையில் தையல் விட்டிருந்ததாம். யாரும் சொல்லவில்லையா என்று கேட்டேன். "சொன்னாங்க. அவ ஒட்டினதுன்னேன், சரின்னுட்டாங்க" என்றார்.

பதினாறு வருடம் குனிந்த கழுத்து சும்மா இருக்குமா? போன வருடத்திலிருந்து வலி. தலை நிமிர்ந்து செய்கிற வேலையாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த நேரம் பார்த்து ஊரின் மறுகோடியில் புதிதாகத் திறந்த தொழிற்சாலையில் செக்கர் வேலைக்கு ஆள் கேட்டார்கள். நின்றுகொண்டு, சட்டையை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பார்க்கிற வேலை. முன்பெல்லாம் சூப்பர்வைசர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். இப்போது கம்ப்யூட்டரில் பரீட்சை. முப்பது நிமிடம், நாற்பது கேள்வி, இருபத்துநாலு சரியாக இருக்க வேண்டும். போதாததற்கு நீங்கள் எப்பேர்ப்பட்ட ஆள் என்று தனியாகக் கொஞ்சம் கேள்வி. வயது நாற்பத்திரண்டு தாண்டினால் மனுவே போட முடியாது. "எனக்கு நாப்பத்தொண்ணு முடிஞ்சு எட்டு மாசம். இதை விட்டா அடுத்தது கிடையாது" என்று வேன் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். வயதைச் சத்தமாகச் சொல்கிற பெண்ணை அன்றுதான் பார்த்தேன்.

பயிற்சிப் புத்தகம் ஒன்று பழைய கடையில் வாங்கி வந்தார். யாரோ பென்சிலால் விடை குறித்து வைத்திருந்தார்கள். முதல் இரண்டு நாளும் அதை அழிப்பதுதான் வேலை. விடை இருந்தால் நல்லதுதானே என்றதற்கு, அடுத்தவர் தையல் மேல் தான் தைப்பதில்லை என்று சொல்லிவிட்டார். என் சீட்டுக்குப் பின்சீட்டில் உட்கார்வார். பக்கத்தில் அவருடைய நாத்தனார், கணவரின் தங்கை. பட்டன் ஓட்டை போடும் மெஷின்காரி, வாயும் அந்த மெஷின் மாதிரிதான். தொழிற்சாலைக்கு ஐம்பது நிமிடப் பயணம். அத்தனை நேரமும் பரீட்சைதான்.

விரித்த அட்டையின் படம் போட்டு, மடித்தால் எந்தப் பெட்டி வரும் என்று ஒரு வகைக் கேள்வி. நான் ஆறாம் வகுப்போடு நின்றவன், எனக்கு அதில் பெட்டியே தெரியவில்லை. காலரக்கா பார்த்த மாத்திரத்தில் விரலை வைத்தார். துணியை வெட்டும்போதே தைத்த சட்டை கண்ணுக்குத் தெரிகிறவருக்கு இது ஒரு கேள்வியா? சதவீதக் கணக்கும் அப்படித்தான். நூற்றுக்கு எத்தனை என்று கேட்டால் முழிப்பார். ஐந்து கட்டு, கட்டுக்கு இருபது சட்டை, அதில் ஆல்டர் எத்தனை என்று மாற்றிக்கொண்டால் பட்டென்று சொல்வார்.

'நீங்கள் எப்பேர்ப்பட்ட ஆள்' கேள்விகளுக்கு வேனில் ஓட்டெடுப்பு நடந்தது. 'உடன் வேலை செய்பவர் தவறு செய்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?' என்று புத்தகம் கேட்டது.

"அம்பு ஒட்டுவேன்னு ஒண்ணு இருக்கா பாரு அண்ணி" என்றாள் நாத்தனார்.

'உங்களுக்குக் கோபம் வருமா' என்பதற்கு 'சில சமயம்' என்று குறிக்கப் போனார். பின்னாலிருந்து பதினொரு பேர் ஒரே குரலாக 'எப்போதும்' என்றார்கள். யாருடா அது என்று கோபமாகத் திரும்பினார். வேன் குலுங்கியது, பள்ளத்தால் அல்ல.

இவ்வளவு கெட்டிக்காரிக்கு வீட்டில் வைத்த சோதனைப் பரீட்சையில் கிடைத்தது ஆறு மதிப்பெண். நாற்பதுக்கு ஆறு. மறுநாள் அவரை வேனில் ஏற்றிவிட வந்த கணவர் ஜன்னலருகே வந்து, "எழுதின ஆறும் சரிண்ணே" என்றார் பெருமையாக. ஏழாவது கேள்வியில் மிச்ச நேரம் முழுக்கப் போய்விட்டதாம்.

அந்த ஏழாவது கேள்வி ஒரு ரயில். நூற்றிருபது மீட்டர் நீளமுள்ள ரயில், வினாடிக்குப் பதினைந்து மீட்டர் வேகத்தில் போகிறது. நூற்றெண்பது மீட்டர் நீளமுள்ள பாலத்தை முழுதாகக் கடக்க எத்தனை வினாடி ஆகும்? காலரக்காவுக்குப் பன்னிரண்டு வந்தது. எனக்கும் பன்னிரண்டுதான் வந்தது. புத்தகத்தின் கடைசியில் இருபது என்று போட்டிருந்தது. ரயில் வழியில் எங்காவது நின்றிருக்கும், எட்டு வினாடி லேட் என்றாள் நாத்தனார். அந்த ரயில் என் வேனில் ஒன்பது நாள் நின்றது.

வராத கேள்வியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம், நேரம் மிஞ்சினால் திரும்பி வரலாம் என்று புத்தகத்திலேயே எழுதியிருக்கிறது. எல்லோரும் சொல்லிப் பார்த்தோம். நான் சத்தமே போட்டேன். கேட்கவில்லை. லைனில் உட்கார்ந்த பழக்கம் அது. கையில் எடுத்த சட்டையை முடிக்காமல் அடுத்தவர் பக்கம் தள்ளினால் அந்த வரிசையே கெட்டுப்போகும். பதினாறு வருடத்தில் ஒரு காலரைக்கூட அவர் பாதியில் தள்ளியதில்லை.

"எங்க பிழைன்னு தெரியாம எப்படிண்ணே அனுப்புறது?" என்று என்னையே கேட்டார். பரீட்சைக்கு ஐந்து நாள் இருந்தது. நான் கண்ணாடியைத் திருப்பிவிட்டு ஓட்டினேன்.

நாத்தனார்தான் செய்தாள். அண்ணியின் புறங்கையிலிருந்து ஒரு அம்பை உரித்து, ரயில் கேள்வியின் நடுமண்டையில் ஒட்டினாள்.

"ஆல்டருக்குப் போகட்டும் அண்ணி. திரும்பி வரும், அப்பப் பாத்துக்கலாம். அடுத்த பீஸை எடு."

காலரக்கா அந்த அம்பையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பக்கத்தைத் திருப்பினார். அன்று தொழிற்சாலை வாசல் வருவதற்குள் பதினெட்டு கேள்வி முடிந்தது. நாலு கேள்வியில் அம்பு.

பரீட்சை ஞாயிற்றுக்கிழமை, ஒரு கம்ப்யூட்டர் பயிற்சிக் கூடத்தின் இரண்டாவது மாடியில். வேனில் நான்தான் கூட்டிப்போனேன். இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை அம்பாக ஒட்டிக்கொண்டு வந்திருந்தார். வாசலிலேயே மேற்பார்வையாளர் நிறுத்திவிட்டார். பேப்பர், பேனா, ஸ்டிக்கர் எதுவும் உள்ளே ஆகாது. ஒவ்வொன்றாக உரித்து நாத்தனாரின் கையில் ஒட்டிவிட்டு, வெறுங்கையோடு உள்ளே போனார். பல் பிடுங்கப் போகிறவர் முகம்.

எதிர்க் கடையில் நானும் நாத்தனாரும் கணவரும் டீ வாங்கி வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தோம். மறுபடி காலரக்கா ஏதாவது ஒரு ரயிலில் ஏறி உட்கார்ந்துவிட்டால் அவ்வளவுதான். மூன்று பேருக்கும் அது தெரியும்.

உள்ளே நடந்ததைத் திரும்பும் வழியில் சொன்னார். ஒன்பதாவது கேள்வியில் மாட்டிக்கொண்டாராம். நேரம் ஓடுகிறது, விட்டுப் போக மனசு வரவில்லை. முழங்கையைத் தடவும்போது அடியில் ஒரு அம்பு தட்டுப்பட்டது. உரிக்கும்போது தப்பியது. வேறு யாராக இருந்தாலும் சத்தமில்லாமல் ஒட்டியிருப்பார்கள். இவர் கையைத் தூக்கி மேற்பார்வையாளரைக் கூப்பிட்டு, ஒன்று மிச்சம் இருந்துவிட்டது என்று காட்டியிருக்கிறார். எதற்கு இது என்று அவர் கேட்டார்.

"வராத கேள்வியில ஒட்டிட்டு அடுத்ததுக்குப் போவேன் சார். பிழை கேள்வியில இல்ல, என்கிட்டதான்."

மேற்பார்வையாளர் அம்பை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, கம்ப்யூட்டர் திரையில் வேண்டாம், ஓரச் சட்டத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள் என்று கொடுத்துவிட்டாராம். நல்ல மனிதர். அந்த ஒரே அம்பை உரிப்பதும் ஒட்டுவதுமாகப் பதினொரு கேள்வியைத் தாண்டியிருக்கிறார். கடைசியில் பசையே போய்விட்டது. நேரம் மிஞ்சியதில் நாலு கேள்விக்குத் திரும்பி வந்தாராம்.

பரீட்சை முடிந்ததும் வேனில் வரும் இஸ்திரிப் பிரிவுப் பெண் ஒருத்தி புத்தகத்தைக் கேட்டாள். அவளும் எழுதப் போகிறாளாம். காலரக்கா தரவில்லை. ஒன்று பாக்கி இருக்கிறது என்றார்.

வியாழக்கிழமை காலையில், வேன் பாதி வழியில் இருக்கும்போது போனில் முடிவு வந்தது. நாற்பதுக்கு இருபத்தேழு. ஒன்றாம் தேதியிலிருந்து புதிய வேலை. நாத்தனார் போட்ட கூச்சலில் எனக்கு ஹாரன் கேட்கவில்லை. போன் சீட்டு சீட்டாகக் கைமாறிக் கடைசி வரிசைக்குப் போய்விட்டது. ஒன்றாம் தேதியிலிருந்து அவருக்கு வேறு வேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாழ்த்துச் சொல்லக் கண்ணாடியில் பார்த்தால், காலரக்கா புத்தகத்தை விரித்து ரயிலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

தொழிற்சாலை வாசலில் ஒரு வேகத்தடை உண்டு. முன்சக்கரம் ஏறி இறங்கியது. கொஞ்சம் பொறுத்துப் பின்சக்கரம் ஏறியது, கடைசி வரிசை தூக்கிப்போட்டதில் வழக்கம்போல என்னைத் திட்டியது.

"முன்சக்கரம் தாண்டினா வேன் தாண்டினதா ஆகுமா?" என்றார் காலரக்கா, யாரையும் பார்க்காமல். "வாலும் தாண்டணும்ல. பாலத்தோட ரயிலோட நீளத்தையும் கூட்டணும். முந்நூறு மீட்டர். இருபது செகண்டுதான்."

அந்தச் சத்தத்தில் அதைக் கேட்டவன் நான் ஒருவன்தான். அவர் ரயில் கேள்வியின் மேலிருந்த அம்பை நகத்தால் நெம்பி, பேப்பர் கிழியாமல் மெதுவாக உரித்தார். புத்தகத்தை மூடிப் பின்னால் இருந்த இஸ்திரிக்காரியிடம் நீட்டினார். எல்லோரும் இறங்கும்வரை இருந்து கடைசியாக இறங்கினார். படியில் ஒரு காலோடு நின்று, கதவின் பிய்ந்த ரப்பரைப் பார்த்து, அந்த அம்பை அதற்கு நேராக ஒட்டி, கட்டைவிரலால் இரண்டு தடவை அழுத்திவிட்டுப் போனார்.