சரோஜம்மாள் கைமாற்றிய சமாதானம்

ஈரக் கையோடு வாங்கக் கூடாதாம். சாணி வாளியை ஓரமாக வைத்துவிட்டு, குழாயடியில் முழங்கை வரை தேய்த்துக் கழுவி, முந்தானையில் துடைத்து, அதே முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு மடத்துக் கோயில் கதவோரம் வந்து நிற்கிறாள் சரோஜம்மாள். ஞாயிற்றுக்கிழமை தவறினதே இல்லை.

அஞ்செட்டி சாலையை விட்டு உள்ளே தள்ளி, மாந்தோப்புகளுக்கு நடுவில் இருக்கிறது இந்தப் பழைய ஆர்த்தடாக்ஸ் கன்னியர் மடம். கருங்கல் சுவர், ஓட்டுக் கூரை, வாசலில் செருப்புக் குவியல். ஓசூர்க் கம்பெனிகளில் வேலை பார்க்கும் மலையாளிக் குடும்பங்கள் வேனில் வந்து இறங்கும். நானும் அப்படி வேடிக்கை பார்க்க வந்தவன்தான். மடத்து மாடுகள் சரோஜம்மாள் பொறுப்பு. மாட்டோடு தெலுங்கு, சிஸ்டர்களோடு தமிழ், பால் வண்டிக்காரனைத் திட்ட மட்டும் கன்னடம். நெற்றியில் பெரிய குங்குமம். அதை யாரும் இங்கே ஒரு பொருட்டாக நினைப்பதில்லை.

ஆராதனை நடுவே திரைக்குப் பின்னாலிருந்து, பாதிரியார் கைவழியாகச் சமாதான வாழ்த்து வரும். ஒருவர் கூப்பி நீட்டும் கையைப் பக்கத்தில் இருப்பவர் தன் இரு கைகளுக்குள் வாங்கிக்கொண்டு, தனக்கு அடுத்தவருக்குத் தருவார். இப்படியே கைமாறிக் கைமாறி வந்து கடைசியில் கதவோரம் முடியும். சரோஜம்மாளுக்கு அடுத்து ஆளில்லை. அதனால் என்ன? வாங்கிய கையைப் பிரிக்காமல் தொழுவத்துக்குப் போய் செவலைப் பசுவின் நெற்றியில் வைத்துவிடுவாள்.

“நாமளே வச்சிக்கக் கூடாதுங்க. குடுத்துடணும்” என்றாள் என்னிடம். அப்படி யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை என்று ஒரு சிஸ்டர் சிரித்தார்.

எங்கள் வேனை ஓட்டி வந்த மாதேஷ் இவளுடைய கூடப்பிறந்த தம்பி. ஜூஜுவாடிப் பக்கம் அப்பன் விட்டுப்போன நிலத்தைக் குடோன்காரர்களுக்குக் கொடுக்கலாம் என்றான் இவன். கையெழுத்துப் போடமாட்டேன் என்றாள் அவள். அன்றோடு பேச்சு நின்றது. வாரா வாரம் வேனைக் கேட்டருகில் நிறுத்திவிட்டு, இறங்காமல் போனைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். நல்ல வீம்பு! “அதுவா வந்து பேசட்டுங்க” என்றான் வழியில்.

அவளிடமும் கேட்டுப் பார்த்தேன். “நான் எதுக்குப் போவணும்? சின்னவன் அவன்தான?” என்று சாணியை வழித்துப் போட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, “அக்கான்னு ஒருவாட்டி கூப்ட்டான்னா போதும் சாமி. வேற ஒண்ணும் வேணாம்” என்றாள். எனக்குச் சங்கடமாகிவிட்டது.

அன்றைக்குச் சமாதானம் வழக்கம்போல அவள் கைக்கு வந்தது. தொழுவத்துக்குப் போனாள், பின்னாலேயே நானும் போனேன். தொழுவம் காலி. புல் இல்லையென்று, இவள் கோயிலில் நின்ற நேரத்தில் மடத்து வேலையாள் ஒருவர் மாடுகளை ஏரிப்பக்கம் ஓட்டிப் போயிருந்தார். கூப்பிய கையோடு சரோஜம்மாள் திகைத்து நின்றாள். தலையிலிருந்து முந்தானை சரிந்தது. அதை இழுத்துவிடக்கூடக் கையைப் பிரிக்கவில்லை. என்னைப் பார்த்தாள். நான் சட்டென்று கேட்டுப் பக்கத்து வேப்பமரத்தை அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தேன். கிளி ஒன்றும் இல்லை அதில்.

அவள் மெல்லக் கேட்டை நோக்கி நடந்தாள். வேன் ஜன்னலுக்கு வெளியே போய் நின்று, கூப்பிய கையை நீட்டினாள்.

மாதேஷ் போனைக் கீழே வைத்தான். கதவைத் திறந்து இறங்கினான். செருப்பைக் கழற்றித் தள்ளிவிட்டு, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

“வச்சிக்காதடா. யாருக்காச்சும் குடுத்துடணும்” என்றாள் அவள்.

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். நான் இன்னும் வேப்பமரத்தையே பார்ப்பதுபோல் நின்றுகொண்டிருந்தேன்.

“இந்தாக்கா” என்று அவளிடமே கையை நீட்டினான்.