கோட்டைக் கண்டு ஓடாத மரை

காவல் வேலை என்றால் சும்மா உட்கார்ந்திருக்கிற வேலை என்று ஊர் நினைக்கிறது. பன்னிரண்டு வருஷத்தில் நான் ஒரு கோப்பை பிளேன்டீயை முழுசாக உட்கார்ந்து குடித்ததில்லை.

நீங்களும் வாட்சர் வேலை பார்ப்பவரானால் இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் தோட்டம் மாத்தளையில் பஸ் ஏறி, ரத்தோட்டையைத் தாண்டி, பஸ்ஸே மூச்சு வாங்கும் உயரத்தில் இருக்கிறது. கைவிட்ட தேயிலை மலை ஒன்றை லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் தொழிலாளர்களுக்குத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். போஞ்சி என்கிற பீன்ஸும், வத்தாளங்கிழங்கு என்கிற சர்க்கரைவள்ளியும் போடுகிறார்கள். மலைக்கு மேலே காடு. காட்டிலிருந்து மரை இறங்கும். மாடு உயரத்துக்கு நிற்கும் பெரிய மான் அது. சட்டப்படி யாரும் அதைச் சுடக் கூடாது, கள்ளத் துவக்குக்காரர்கள் சுடுகிறார்கள். நான் விரட்ட மட்டும் வேண்டும்.

என் நேரம் காலை ஆறரையிலிருந்து மாலை ஆறு வரை. இரவுக்கு லயத்து ஆண்கள் முறை வைத்து நாய்களோடு வருவார்கள். அவர்கள் எட்டு மணிக்கு வந்து, காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் பேர் கொடுக்க வேண்டுமென்று ஐந்தரைக்கே இறங்கிவிடுவார்கள். ஆக மாலையில் இரண்டு மணி நேரமும் காலையில் ஒரு மணி நேரமும் மலையில் மனிதனே கிடையாது. இந்த நேர அட்டவணை தோட்டத்தில் பலருக்குத் தெரியாது. மரைகளுக்குத் தெரியும்.

வெடி

போன போகத்துப் போஞ்சியை மரைகள் கொடியோடு தின்று முடித்தன. கணக்கப்பிள்ளை ஐயா என்னைக் கூப்பிட்டார். இந்த மலைக்கு அவர்தான் மேற்பார்வை. அடுத்த போகத்துப் போஞ்சி முழுசாகத் தம்புள்ளைச் சந்தைக்குப் போகும் லொறியில் ஏற வேண்டும், இல்லாவிட்டால் என்னைக் கவ்வாத்துக்கு அனுப்பிவிடுவேன் என்றார். தேயிலைச் செடியை வெட்டுகிற வேலை அது, நாள் முழுக்கச் சரிவில் நிற்க வேண்டும். என் இடது முழங்கால் ஒருமுறை தண்ணீர் வடிகிற கானில் விழுந்து உடைந்து ஒட்டிய கால். கவ்வாத்து என்றால் எனக்கு வேலை போனதாகத்தான் அர்த்தம்.

பயத்தில் யானை வெடி வாங்கினேன். மாலை ஆறு மணிக்கு இறங்கும் முன் ஒன்றைக் கொளுத்திப் போடுவேன். முதல் வாரம் மலையே காலியானது. இரண்டாம் வாரம் மரைகள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு நின்றன. மூன்றாம் வாரம் ஒரு நாள், தட்டி விரட்டுகிற தகர டப்பாவை மறந்து பாதி வழியில் திரும்பி ஏறினேன். வெடி போட்டுப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, ஐந்து மரைகள் வரிசையாக வேலியைத் தாண்டிக்கொண்டிருந்தன. வாட்சர் வீட்டுக்குப் போகிறான், வரலாம் என்று நான்தான் தினமும் வெடி போட்டு அறிவித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரி ரொட்டியைத் திருப்பிப் போட்டபடியே சொன்னாள்: “அப்ப நாளைக்கி ரெண்டு வெடியா போடுங்க, தூரத்துல இருக்கிறதுக்கும் கேக்கட்டும்.”

போயா

போயா என்றால் பௌத்தர்களின் பௌர்ணமி விடுமுறை. ஒரு போயா தினத்தில் காலை ஒன்பது மணி, வெயில் ஏறிவிட்டது, ஒரு பெண் மரை குட்டியோடு வத்தாளங்கொடியில் நின்றது. இடது காது கிழிந்து இரண்டாகத் தொங்கியது. துவக்குக் குண்டோ, முள்ளோ, எனக்குத் தெரியாது. கிழிகாதி என்று பெயர் வைத்தேன். மற்ற நாட்களில் விடிந்த பிறகு அதன் குளம்படியை மட்டும்தான் பார்ப்பேன்.

அடுத்த போயாவிலும் அதே மாதிரி வந்தது. அதற்கடுத்ததிலும். யோசித்து யோசித்து எனக்கு உட்கார முடியவில்லை, மேட்டுக்கும் பள்ளத்துக்குமாக நடந்தேன். போயா அன்று இறைச்சிக் கடை திறக்காது. கள்ளமாகச் சுடுகிறவனும் அன்றைக்குத் துவக்கைத் தொட யோசிப்பான், வாங்குவதற்கும் ஆள் வரமாட்டான். தேயிலை மலையில் வேலையில்லை. பாதையில் சத்தமில்லை. அந்த அமைதியை வைத்துத்தான் அது கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

இதைக் கணக்கப்பிள்ளை ஐயாவிடம் விளக்கமாகச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டுச் சொன்னார்: “மானுக்குக் கூட லீவு நாள் தெரியுது, ஒனக்குத்தான் அன்னிக்கும் வேலைன்னு தெரிய மாட்டேங்குது.”

எஞ்சின்

காட்டுக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்தில் பியசேன என்றொருவர் மிளகுத் தோட்டத்துக்குக் காவல். தமிழ் நன்றாகப் பேசுவார். எல்லையில் சந்தித்தால் வெற்றிலை மாற்றிக்கொள்வோம். ஒரு நாள் மாலை இரண்டு பேரும் பாறை மேல் நின்று கிழிகாதியைப் பார்த்தோம். கீழே பாதையில் பஸ் போனது, தலை தூக்கவில்லை. கொழுந்து லொறி போனது, காதைக்கூட ஆட்டவில்லை. அப்புறம் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து, வளைவுக்கு முன்னால், வீடும் கடையும் இல்லாத இடத்தில் எஞ்சினை நிறுத்தியது. அந்த நொடியில் கிழிகாதி முன்னங்காலைத் தரையில் ஓங்கித் தட்டியது. வாலைத் தூக்கிக்கொண்டு ஒரு குரல் கொடுத்தது. குட்டி முன்னே ஓட, தான் பின்னே ஓடியது.

மோட்டார் சைக்கிளில் வந்தவன் முதுகில் சாக்குச் சுற்றிய நீளமான ஒன்று இருந்தது. எங்களைப் பார்த்ததும் திருப்பிக்கொண்டு போனான். எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். அதை மறைக்கத் துப்பினேன். விரட்ட வேண்டிய மிருகம் தப்பித்ததற்கு வாட்சர் சந்தோஷப்படக் கூடாது அல்லவா?

பியசேன வெற்றிலையை மென்றபடி சொன்னார்: “இந்த மானுக்கு எஞ்சின் ஓடுறப்போ பயமில்ல அண்ணே, எஞ்சின் நிக்கிறப்போதான் பயம்.”

ஆள் பொம்மை

போஞ்சி பூக்கத் தொடங்கியதும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. காலையில் அந்த ஒரு மணி நேரம் நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருந்தது. முழங்காலோடு இருட்டில் ஏற முடியாது. அதனால் தடி இரண்டைக் குறுக்கே கட்டி, வைக்கோல் திணித்து, தோட்டத்தில் கொடுத்த என் பச்சை மழைக்கோட்டை மாட்டி, போஞ்சிக்கு நடுவில் நிறுத்தினேன். மழை வந்தால் அதைக் கழற்றி நான் போடுவேன், மழை விட்டால் திரும்ப அதுக்கு மாட்டுவேன்.

உலகத்தில் இதைவிடப் பெரிய மடத்தனம் வேறு வாட்சர் செய்திருக்க மாட்டான். நான் கோட்டோடு நின்றாலும் கத்துவேன், தகரம் அடிப்பேன், அதற்கு மேல் ஒன்றும் செய்ய மாட்டேன் என்று கிழிகாதி எப்போதோ கண்டுகொண்டது. இப்போது அதே கோட்டு கத்தவும் இல்லை. பத்தே நாளில் பொம்மையின் காலடியில் மேய்ந்தது. குட்டி கோட்டு நுனியைச் சப்பிப் பார்த்தது. நான் கோட்டைப் போட்டுக்கொண்டு பத்தடியில் நின்றாலும் அசையாது. தகரம் அடித்தால் இரண்டு பாத்தி தள்ளி நிற்கும், அவ்வளவுதான். ஒரு மழை நாளில் நான் ரொட்டி தின்னும்போது அது என்னைப் பார்த்துக்கொண்டே அசை போட்டது. எனக்கு அதைப் பிடித்துப் போய்விட்டது, சொல்லிவிடுகிறேன். போஞ்சியைக் காப்பாற்றுவதற்காக வத்தாளங்கொடியில் ஒரு மூலையை அதற்கே விட்டுவிட்டேன், யாரிடமும் சொல்லவில்லை.

மூலைப் பாத்தி வெறுமையாகக் கிடந்ததைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரி கேட்டாள்: “ஒங்களத் தோட்டம் வேலைக்கி வச்சிருக்கா, இல்ல மான் வச்சிருக்கா?”

மாளு பணிஸ்

கீழே சந்தியில் ஒரு டீக்கடை. ஒரு சனிக்கிழமை அங்கே நின்று என் பெருமையை அளந்தேன். துவக்குக்காரன் கால் மைலில் வந்தாலே ஓடுகிற மரை, என் பச்சைக் கோட்டைக் கண்டால் பத்தடியில் மேயும் என்றேன். பொம்மைக்குக் கோட்டு மாட்டியதையும், காலையில் ஆளில்லாத ஒரு மணி நேரத்தையும் சேர்த்தே சொன்னேன். பேசும்போது நானும் நிறுத்தத் தெரியாத எஞ்சின்தான்.

பக்கத்தில் ஒருவன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தான். எனக்கு மீன் வைத்த மாளு பணிஸ் ஒன்றும் டீயும் வாங்கிக் கொடுத்தான். எங்கேயோ பார்த்த முகமாக இருந்தது, நினைவுக்கு வரவில்லை. கடையை விட்டு இறங்கி வெகு தூரம் நடந்த பிறகுதான், வளைவில் திரும்பிப் போன மோட்டார் சைக்கிள் நினைவு வந்தது. திரும்பி ஓடினேன். அவன் போய்விட்டிருந்தான். கணக்கப்பிள்ளை ஐயாவிடம் சொல்லலாமா என்று நாலு தரம் அவர் வாசல் வரை போய், மூலைப் பாத்தி வெளியே வந்துவிடுமே என்று நாலு தரமும் திரும்பினேன்.

நான் கடையிலிருந்து கிளம்பும்போது அவன் கேட்டது காதிலேயே நின்றது: “அப்ப மாமா, கோட்டுக்குள்ள இருக்கிற ஆள அது பாக்கிறதே இல்லையா?”

எதிர் மலை

செவ்வாய்க்கிழமை காலை ஏறிக்கொண்டிருந்தேன். பாதி வழியில் சத்தம் கேட்டது. ஒரே ஒரு சத்தம். முழங்காலை மறந்து ஓடினேன். பொம்மை கானுக்குள் குப்புறக் கிடந்தது. அது நின்ற இடத்தில் சப்பாத்து அடி பதிந்திருந்தது. போஞ்சிக் கொடியில் ரத்தம், அங்கிருந்து பாதை வரை இரண்டு மூன்று பேர் சேர்ந்து இழுத்துப் போன தடம். என் கோட்டை வேலிக்கட்டையில் ஒழுங்காக மாட்டிவிட்டுப் போயிருந்தான். கை மடிப்பில் வெடிமருந்து வாசம். காட்டு ஓரத்தில் கிழிகாதியின் குட்டி மட்டும் நின்றது. கோட்டைக் கையில் வைத்திருந்த என்னைக் கண்டதும் முன்னங்காலைத் தட்டிவிட்டு ஓடியது.

வனஜீவராசி அதிகாரிகள் வந்தார்கள். டீக்கடையில் வாயை விட்டதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன், எழுதிக்கொண்டார்கள். பெயர் தெரியாது, சைக்கிள் நம்பர் தெரியாது. பார்த்தவர்கள் உண்டா என்று கேட்டார்கள். எதிர் மலைப் பீலியில் தண்ணீர் பிடித்த பாக்கியம் பார்த்திருந்தது. கொழுந்தெடுக்கிற பிள்ளை, பொய் பேசாது. அதிகாரிகளுக்கு முன்னால் என் முகத்தைப் பார்த்தே சொன்னது: “நீங்கதானேண்ணே நின்னீங்க, மான் கிட்ட வந்துச்சு, வழமையா போடுற வெடியப் போட்டீங்கன்னு நெனச்சேன், கைய ஆட்டிக் கூப்பிட்டேன், நீங்க திரும்பியே பாக்கல.”

லொறி

நான் வீட்டிலிருந்து கிளம்பியதையும், வழியில் ஓடியதையும் பார்த்தவர்கள் இருந்ததால் என்னை விட்டுவிட்டார்கள். கோட்டை எரித்தேன். அடுத்த மழைக்கு நீலக் கோட்டு கொடுத்தார்கள், போடாமல் நனைந்தேன். பிரயோஜனமில்லை. என் இருமல் கேட்டாலே மரைகள் மேட்டைத் தாண்டிவிடுகின்றன. போயா அன்றும் வருவதில்லை. மூலைப் பாத்தியில் வத்தாளங்கொடி முழங்கால் உயரம் புதராகிக் கிடக்கிறது. ஒரு நாளைக்குப் பத்துத் தரம் போய்ப் பார்க்கிறேன், ஒரு இலை குறையவில்லை. விரட்டுவதற்கு ஒன்றுமில்லாத மலையில் இன்னும் உட்கார முடியவில்லை.

போஞ்சி முழுசாகத் தம்புள்ளை லொறியில் ஏறியது. கவ்வாத்துப் பேச்சு அத்தோடு நின்றது. கணக்கப்பிள்ளை ஐயா ஆட்கள் முன்னால் என் தோளைத் தட்டிச் சொன்னார்: “இப்பதான்யா மான் ஒன்னைய ஒரு மனுசனா மதிக்குது.”

பன்னிரண்டு வருஷம் தகரம் தட்டி நான் சொல்லிக்கொடுக்க முடியாத பாடத்தை, என் கோட்டைப் போட்டுக்கொண்டு ஒருத்தன் ஒரே காலையில் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனான், நல்ல வாட்சர் என்ற பேர் மட்டும் எனக்கு.