கொறக்காப்புளியில் ஊறிய கவ்வாத்துக் கத்தி

நேற்று என் மருமகன் துருப்பிடித்த மண்வெட்டியைக் கோலாவில் ஊறப்போட்டுவிட்டு, "போன்ல பாத்தேன் மாமி, துரு அப்படியே கழண்டுருமாம்" என்றார். அந்தப் புளித்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. பாவம், அவர் என்ன செய்வார்? அது இலங்கையில், எல்கடுவ தேயிலைத் தோட்டத்துக் கோபம். ஐம்பது வருடமாக வைத்திருக்கிறேன்.

என் அண்ணன் தேயிலைச் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டுகிறவன். காலில் வெட்டுப்பட்டு மாத்தளை ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் கிடந்தான். லயம் என்கிற வரிசை வீடுகளில் எங்கள் காம்பராவின் கூரைத் தகரம் ஒழுகும். மாற்றித் தரச் சொல்லி அம்மாவுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். அண்ணன் திரும்பி வந்தபோது தோட்டம் அவனுக்குக் கொடுத்த கத்தி துருவேறிச் செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது.

வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா, "தோட்டத்துக் கத்திய சுத்தமாக் கொண்டாந்து காட்டு. இல்லாட்டி பேர் போட மாட்டேன்" என்றுவிட்டார். பேர் போடாவிட்டால் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் இந்தியாவுக்கே போய்விடுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிடுவேன் என அண்ணன் சொல்லியிருந்தான். லயம் லயமாக ஆட்கள் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. அவன் போகக் கூடாது, எனக்கு அவ்வளவுதான்.

சனிக்கிழமையே கொறக்காப்புளியைக் கரைத்துக் கத்தியை ஊறவைத்தேன். மறுநாள் முழுக்கச் செங்கல் பொடி போட்டுத் தேங்காய் மட்டையால் தேய்த்தேன். பிடிக்குப் பக்கத்தில் மட்டும் மேடும் பள்ளமுமாக ஏதோ விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. நான்தான் பெரிய கெட்டிக்காரியாயிற்றே! அரத்தை எடுத்து வழவழவென்று ராவிவிட்டேன்.

திங்கட்கிழமை காலை பெரட்டுக்களத்தில் எல்லாரும் வேலைக்கு வரிசையாக நின்றோம். கண்டாக்கையா கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தோட்டத்து நம்பர் எங்கடா? நம்ம கத்திய வித்துட்டு வேற வாங்கியாந்தியா?"

"நாந்தாங்க ஐயா ராவுனேன், துருன்னு நெனச்சு" என்று ஓடிப் போய்ச் சொன்னேன். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த ஆளைக் கூப்பிட்டார். ஒரு தகரம் மாற்ற வக்கில்லாத தோட்டத்துக்கு நம்பர் ஒரு கேடா!

அண்ணன் எழுதிக் கொடுத்தான். கப்பலைப் பிடிக்கத் தலைமன்னாருக்கு ரயிலேறும்போது, "ஒம்மேல எனக்குக் கோவமில்ல தங்கச்சி" என்றான். திட்டியிருந்தாலாவது ஆறியிருக்கும். அக்கரையில் மண்டபம் முகாமிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பிறகு எதுவுமில்லை.

அந்த லயத்தை இடித்துவிட்டார்கள். பெரட்டுக்களத்தில் புல் முளைத்துக் கிடக்கிறது. கண்டாக்கையாவின் முகம் மீசை நரை வரைக்கும் எனக்கு நினைவிருக்கிறது. அண்ணனின் முகம்தான், எவ்வளவு யோசித்தாலும் இப்போது வரமாட்டேன் என்கிறது.