வலி இல்லை என்றுதான் எல்லாரும் சொன்னார்கள்

எங்கள் அப்பாவை மண்ணுக்குக் கொடுத்து ஓராண்டு ஆகிறது. அன்று சிகந்தராபாத் கல்லறைத் தோட்டத்தில் எங்களோடு நின்றவர்களும், தூரத்திலிருந்து துக்கம் விசாரித்தவர்களும் இன்று இந்த நினைவு மலரைப் பெற்றிருக்கிறீர்கள். அப்பாவைப் பற்றி எழுதும் பொறுப்பை அண்ணன் என்னிடம் தந்தார். நடந்ததை நடந்தபடி எழுதியிருக்கிறேன். சிலருக்கு இது கசக்கும்.

அப்பா திருநெல்வேலிச் சீமையில், தேரிக்காட்டை ஒட்டிய ஒரு சிற்றூரில் பிறந்தார்கள். மழை பொய்த்த ஒரு வருடம் தாய்மாமனோடு ரயிலேறி நிஜாம் சீமைக்கு வந்து, ரயில்வே பட்டறையில் பாய்லர் வேலைக்குச் சேர்ந்தார்கள். மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில்தான் அண்ணனும் நானும் பிறந்தோம். விஷக்காய்ச்சல் வந்த ஆண்டில் அம்மா போய்விட்டார்கள். அப்பா மறுமணம் செய்யவில்லை. விடியுமுன் கஞ்சி காய்ச்சி, எனக்குத் தலைவாரிப் பின்னிவிட்டு, பிறகு வேலைக்கு ஓடுவார்கள். பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்று நம்மவர்கள் கேட்டபோதும் என்னை ஆசிரியைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள்.

ஒருமுறை பழுக்கக் காய்ந்த இரும்புத் தகடு பட்டு அப்பாவின் முழங்கைத் தோல் உரிந்துவிட்டது. துணியைச் சுற்றிக்கொண்டு, சங்கு ஊதும்வரை வேலை செய்தார்களாம். பட்டறைத் துரை தோளில் தட்டிப் பாராட்டினாராம். இந்தக் கதையைச் சொல்லாத உறவினர் நம்மில் இல்லை. அந்தப் பாராட்டுத்தான் கடைசிக் காலத்தில் அப்பாவுக்கு எதிரியாக வந்தது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் கழித்து அப்பாவுக்கு வயிற்றில் புற்று வந்தது. இடுப்பெலும்பு வரை இறங்கிவிட்டது, அறுக்க முடியாது, வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று பெரிய ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். அதன்பின் ஒரு டாக்டர் வாரந்தோறும் வீட்டுக்கு வந்தார். அவர் வரும் சத்தம் கேட்டதும் அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு கட்டிலில் நிமிர்ந்து உட்கார்வார்கள்.

"தர்த் ஹை க்யா, பாபா?" வலி இருக்கிறதா என்று வாசற்படியில் நின்றே கேட்பார் டாக்டர்.

"நை சாப்." இல்லை ஐயா என்பார்கள் அப்பா.

அவ்வளவுதான் பரிசோதனை. வயதானவர்களுக்கு உணர்ச்சி மழுங்கிவிடும், அதனால் வலி அதிகம் தெரியாது என்று அண்ணனிடம் இங்கிலீஷில் சொல்லிவிட்டுப் போவார். சபையார் வந்து ஜெபித்துவிட்டு, என்ன பொறுமை, என்ன பொறுமை என்று வியந்துவிட்டுப் போனார்கள்.

ஆனால் அப்பா தன் இடப்பக்கமாகப் படுப்பதை விட்டிருந்தார்கள். பேப்பரை மடியில் வைத்திருப்பார்கள், பக்கம் திருப்ப மாட்டார்கள். விரிப்பு மாற்ற அவர்களைப் புரட்டும்போதெல்லாம் தோள்துண்டைச் சுருட்டி வாயில் கடித்துக்கொள்வார்கள். அண்ணனிடம் சொன்னேன்.

"டாக்டர் கேட்டதுக்கு இல்லன்னுதான சொல்லுதாவ? நீயா எதையாவது நெனச்சிப் பதறாத" என்றார்.

ஒரு சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கேட்டேன். "வலிக்காப்பா?"

"வலி இல்ல மக்கா."

கேள்வியை மாற்றினேன். "பொறவு ஏன் எடப்பக்கம் படுக்க மாட்டேங்கிய?"

"அங்கன உளையுது. இடுப்புலேந்து முட்டு வரைக்கும் யாரோ முறுக்கிப் பிழியுத மாதிரி இருக்கு."

"அது வலி இல்லையா?"

"வலிங்கது அடிபட்டா வாரது மக்கா. எனக்கு அடியா பட்டிருக்கு?" பிறகு மெல்லச் சொன்னார்கள்: "டாக்டர்ட்ட சொல்லிராத. ஆஸ்பத்திரில கொண்டு போட்டுருவாவ. நான் இங்கனயே கெடந்துக்கிடுதேன்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்கே நோகிறது, எப்போது கூடுகிறது, எதைச் செய்ய முடியவில்லை என்று ஒருவரும் அப்பாவைக் கேட்கவில்லை. இந்த வீட்டைவிட்டு உங்களை அனுப்ப மாட்டோம் என்றும் ஒருவரும் சொல்லவில்லை. நான் சொன்னேன். அப்பா முகத்தை மூடிக்கொண்டு அழுதார்கள்.

அடுத்த முறை டாக்டர் வந்து, வழக்கமான கேள்விக்கு வழக்கமான பதிலைப் பெற்றுக்கொண்டு திரும்பியபோது நான் வழியை மறித்து நின்றேன். "கொஞ்சம் இருங்கள், விரிப்பு மாற்றப் போகிறோம். பார்த்துவிட்டுப் போங்கள்" என்றேன். அண்ணன் என்னை முறைத்தார். பக்கத்து வீட்டு லட்சுமம்மாவும் நானும் அப்பாவைப் புரட்டினோம். துண்டு வாய்க்குப் போயிற்று. கழுத்து நரம்புகள் புடைத்தன. நெற்றி வேர்வை தலையணையில் சொட்டியது. சத்தம் மட்டும் வரவில்லை.

"எத்தனை நாளாக இப்படி? ஏன் சொல்லவில்லை?" என்று டாக்டர் கேட்டார்.

"கிறிஸ்துமஸுக்கு முன்னாலிருந்து. நீங்கள் வாசலிலேயே நின்றுவிடுகிறீர்கள்" என்றேன். அப்போது பங்குனி வெயில் தொடங்கியிருந்தது.

அன்றே வலியை அடக்கும் மார்பியா ஊசி போட்டார். அப்பா இடப்பக்கம் திரும்பிப் படுத்துத் தூங்கினார்கள். பிறகு வந்த வாரங்களில் கருப்பட்டிக் காப்பி கேட்டார்கள். அம்மா முதன்முதலாக நாம்பள்ளி போய் வழி தவறிய கதையைச் சொல்லிச் சிரித்தார்கள். மாம்பழ வரத்து நிற்கும் முன்பே போய்விட்டார்கள்.

அடக்கத்தன்று என் காதுபட ஒரு சித்தி சொன்னார்: "ஊசியப் போட்டு மயக்கத்துலயே அனுப்பிட்டா. பாவம், பொறுமையா இருந்த மனுசன்." சித்தி, அந்தப் பொறுமைக்குப் பின்னால் இருந்ததை நீங்கள் பார்க்கவில்லை.

அப்பாவைக் குழந்தையைப்போல் தூக்கிச் சுமந்த அண்ணனுக்கும், நாற்றத்துக்கு முகம் சுளிக்காமல் துணிகளை வேகவைத்துத் துவைத்த லட்சுமம்மாவுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. தாமதமானாலும் நின்று பார்த்தாரே, அந்த டாக்டருக்கும் நன்றி. வந்து ஜெபித்தவர்களுக்கும் நன்றி. இனி ஒரு வீட்டுக்கு அப்படிப் போனால், படுத்திருப்பவரின் பக்கத்தில் உட்கார்ந்து அவரிடமே கேளுங்கள். முதல் பதிலோடு எழுந்துவிடாதீர்கள்.

இந்த மலரின் முதல் பக்கத்துக்கு அண்ணன் எழுதிக் கொடுத்த வாசகத்தில், அப்பா "நோவேதுமின்றி" கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள் என்று இருந்தது. அச்சகத்துக்கு நானே போய் அந்தச் சொல்லை எடுக்கச் சொன்னேன். அண்ணன் இன்னும் என்னோடு பேசவில்லை.