ஓடாத காருக்கு ஒரு சார்ஜர்

எங்கள் தெருவில் எங்கள் காரைப் பார்த்தவர்கள் குறைவு. அதன் உறையைப் பார்த்தவர்கள்தான் அதிகம். தருமபுரி ஊரின் ஓரத்தில் வீடு. வாசலில் தகரக் கொட்டகை போட்டு, வெயில் படாமல், தூசி படாமல், சாம்பல் நிற உறையைப் போர்த்தி அதைப் படுக்க வைத்திருந்தார் என் வீட்டுக்காரர். வாங்கிய அன்று ஃபாதர் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்துக் கொடுத்தார். ஒருநாள் வத்தல்மலைக்கு ஏறிப் போய்க் காப்பி குடித்துவிட்டு வரலாம் என்று அன்றைக்குச் சொன்ன மனிதர், அப்புறம் மலையையும் மறந்துவிட்டார், காப்பியையும் மறந்துவிட்டார். கூட்டுறவுச் சங்கத்தில் அவருக்கு வேலை, பைக்கில் போவார். இண்டூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் அறிவியல் டீச்சர். பஸ்ஸில் நின்றுகொண்டே போவேன். கார் மட்டும் வீட்டில் இருந்து ஓய்வெடுக்கும்.

ஓடாத காரில் பேட்டரி தானாகவே இறங்கும். கடிகாரம், கதவுப் பூட்டு, திருட்டு அலாரம் என்று, தூங்குகிற வண்டியும் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டுதான் இருக்கும். இதை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு பீரியடில் புரியவைத்துவிடுவேன். என் வீட்டுக்காரருக்கு முடியவில்லை. அவருக்கு யூடியூப் இருந்தது.

டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, ஆர்.டி.ஓ. முன்னால் ஓட்டிக்காட்டி, முதல் தடவையிலேயே நான் பாஸ் செய்தேன். லைசென்ஸ் கார்டு தபாலில் வந்த அன்று சாவியைக் கேட்டேன். பெரிய ஆசையெல்லாம் இல்லை. பஸ்ஸில் கண்டவர் முழங்கையும் விலாவில் படாமல், என் காரை நானே ஓட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். அவ்வளவுதான்.

"பேட்டரி டவுனா இருக்குதே," என்றார் அவர். "நல்ல சார்ஜரா ஒண்ணு வாங்கிப் போட்டுட்டம்னா, அப்பறம் நீ தாராளமா ஓட்டு."

ஆக, நான் ஸ்டியரிங்கைத் தொடுவதும் தொடாததும் அவர் சார்ஜர் வாங்குவதில் போய் நின்றது.

அவர் தேடியது டிரிக்கிள் சார்ஜர். தோட்டத்தில் சொட்டுநீர் போடுகிறோம் அல்லவா, அந்த மாதிரி. நிற்கிற வண்டியின் பேட்டரிக்குள் மின்சாரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, அது இறங்காமல் பார்த்துக்கொள்ளும். சின்னப் பெட்டி, இரண்டு கிளிப். மலிவான விலையில் நல்லதாக வேண்டும் என்றார். நியாயம்தானே என்று நானும் காத்திருந்தேன்.

மாப்பிள்ளை பார்ப்பதைவிட மோசமாகப் போனது அந்தத் தேடல். ஒன்றுக்கு ஒயர் குட்டை. இன்னொன்றுக்கு விசிறிச் சத்தம். ஒன்று எல்லா விதத்திலும் பொருந்தி வந்தது. ஆனால் யாரோ ஒரு புண்ணியவான் அதற்கு ஒற்றை நட்சத்திரம் போட்டிருந்தார். ஏன் என்று நான் படித்துப் பார்த்தேன். பெட்டி நசுங்கி வந்ததாம். அதற்காக அதையும் தள்ளிவிட்டார். சாப்பிடும்போது ஆம்பியர், பல் துலக்கும்போது வோல்ட். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போதுகூட யாரையாவது பிடித்து வைத்துக்கொண்டு இதே பேச்சு.

போதாக்குறைக்குப் பெங்களூரில் இருக்கிற அவருடைய அண்ணன். எங்கள் வீட்டில் தண்ணீர்த் தொட்டி வாங்குவதாக இருந்தாலும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். வெளிநாட்டுச் சார்ஜர் ஒன்று இருக்கிறது, அது எட்டுக் கட்டமாக ஏற்றும், பனி கொட்டுகிற ஊர்களில் குளிர்காலம் பூராவும் காரை நிறுத்திவிட்டு இதைத்தான் மாட்டிவைக்கிறார்கள் என்று போனில் பாடம் எடுத்தார். தருமபுரியில் எந்த வருடம் பனி கொட்டியது என்று கேட்க எனக்கு வாய் துறுதுறுத்தது. மூத்தவராயிற்றே என்று அடக்கிக்கொண்டேன். அந்தச் சார்ஜரின் விலைக்குப் புது பேட்டரியே வாங்கிவிடலாம்.

புது பேட்டரியே வாங்குங்கள் என்று சொல்வதற்கும் ஆள் இருந்தார். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பேட்டரிக் கடைக்கு என் வீட்டுக்காரர் என்னைக் கூட்டிப் போனார். சார்ஜர் எல்லாம் வேஸ்ட்டுங்க என்று கடைக்காரர் ஆரம்பித்தார். வண்டி எவ்வளவு ஓடுகிறது என்று கேட்டார். ஓடுவதே இல்லை என்றதும் முகம் மலர்ந்துபோய், அப்படியானால் இன்னும் பெரிய பேட்டரியாகப் போட்டுவிடலாம் என்றார். ஒர்க்ஷாப்களில் இருக்கிற கனமான சார்ஜர் ஒன்றும் அங்கே மூலையில் கிடந்தது, பழசு, மலிவு. நிரம்பினால் தானாக நிற்குமா என்று கேட்டேன். நிற்காதாம், நாம்தான் நிறுத்த வேண்டுமாம். மாட்டிவிட்டு மறந்துபோனால் பேட்டரி கொதித்து, உள்ளே தண்ணீர் வற்றி, ஒரேயடியாகப் போய்ச் சேர்ந்துவிடும். வேண்டாம் என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

இத்தனை பேர் இத்தனை யோசனை சொன்னார்களே, வண்டியை எடுத்து ஓட்டுங்கள் என்று ஒருத்தராவது சொன்னார்களா? என் வீட்டுக்காரரிடம் நானே சொன்னேன். தினமும் ஓட்டினால் சார்ஜரே வேண்டாமே என்றேன். அது வேற விஷயம் என்று சொல்லிவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டார்.

இப்படியே போயிருக்கும். மூத்தவரின் மகளுக்குச் சேலத்தில் நிச்சயதார்த்தம் முடிவானது. மாப்பிள்ளை வீட்டார் வசதியானவர்கள், அதனால் காரிலேயே வந்து இறங்க வேண்டும் என்று அண்ணனிடமிருந்து உத்தரவு வந்தது. என் வீட்டுக்காரருக்கு முகம் தொங்கிப்போயிற்று. போகலாம்தான், ஆனால் பேட்டரி என்று இழுத்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. மறுநாள் பள்ளியில் எனக்கு வகுப்பில்லாத ஒரு பீரியடில் உட்கார்ந்து காரியத்தை முடித்தேன். பன்னிரண்டு வோல்ட்டா? சரி. ஒரு ஆம்பியர் போல மெதுவாக ஏற்றுமா? சரி. நிரம்பியதும் தானாக அடங்கி, குறைகிறபோது மட்டும் கொஞ்சம் கொடுக்குமா? கிளிப்பை மாற்றி மாட்டிவிட்டால் புகையாதா? இந்த நாலும் இருப்பவற்றில் எது விலை குறைவோ அதற்கு ஆர்டர் போட்டேன். மணி அடிப்பதற்குள் முடிந்துவிட்டது.

சார்ஜர் வந்தது. கூட வந்த புத்தகத்தை அவர் வேதாகமம் போல வாசித்தார். சிவப்புக் கிளிப்பைச் சிவப்பு முனையில் மாட்டி, கறுப்பை இன்ஜின் பக்கம் ஒரு இரும்பில் மாட்டி, சுவரில் ஸ்விட்சைப் போட்டோம். இறங்கிப்போன பேட்டரியை அந்த வேகத்தில் ஏற்ற மூன்று நாள் பிடித்தது. அப்புறம் பச்சை விளக்கு எரிந்தது. நான் சாவியைத் திருகிய உடனே வண்டி உறுமியது. நான் கைதட்டினேன். பரீட்சை தள்ளிப்போகவில்லை என்று தெரிந்துகொண்ட பையனைப் போல நின்றார் அவர். நன்றாக ஏறி நிற்கட்டும், நடுவில் கழற்றக்கூடாது, அடுத்த வாரம் ஓட்டு என்றார்.

அடுத்த வாரம் பேட்டரி செத்துக் கிடந்தது.

"மலிவு சாமான்," என்றார். "நான்தான் சொன்னனே."

மானப் பிரச்சினை ஆகிவிட்டது எனக்கு. பள்ளி ஆய்வகத்தில் இருந்த மல்டிமீட்டரைத் தலைமையாசிரியையிடம் சொல்லிவிட்டு எடுத்துவந்து அளந்தேன். சார்ஜர் ஒழுங்காக, என் வகுப்பில் எந்தப் பிள்ளையும் வேலை செய்யாத அளவுக்கு ஒழுங்காக வேலை செய்தது. மறுபடி ஏற்றினோம். மறுபடி இறங்கியது. பேட்டரிதான் கிழடு போல என்று நினைத்து, கடைக்காரர் சொன்னதுகூடச் சரியாக இருக்குமோ என்று நானே யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

ஒருநாள் பள்ளியில் பெற்றோர் கூட்டம், வர நேரமாகும் என்று சொல்லிவிட்டுப் போனேன், கூட்டம் ரத்தானது. சொன்ன நேரத்துக்கு முந்தின பஸ்ஸிலேயே வந்து இறங்கினேன். பொழுது சாயும் நேரம். கொட்டகையில் என் வீட்டுக்காரர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். சுவரில் இருந்த சார்ஜர் ஸ்விட்சை அணைத்தார். உறையைப் பாதி தூக்கி, கார்க் கதவைத் திறந்து, உள்ளே கையை விட்டு மேல் விளக்கைப் போட்டார். கதவைச் சத்தம் வராமல் சாத்தினார். தூங்குகிற குழந்தைக்குப் போர்த்துவதுபோல உறையை இழுத்துவிட்டார். துணிக்குள்ளே மஞ்சளாக வெளிச்சம் தெரிந்தது.

"என்னங்க பண்றீங்க?"

உறையை விட்டுவிட்டுத் திரும்பினார். லைட் எரியுதான்னு பார்த்தேன் என்றார். எரிகிறது, பார்த்தாயிற்று, இப்போது அணையுங்கள் என்றேன். அணைக்காமல் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"சார்ஜர் வாங்கறதுக்கு முன்னாடி அதுவாத்தான் எறங்குச்சு," என்றார். "அப்பறம்தான் நானு..."

அத்தனை வீடியோ, அத்தனை ஆம்பியர், அண்ணனுடைய எட்டுக் கட்டம், எல்லாம் இதற்குத்தானா? பையைத் தூக்கி எறியலாம் போல இருந்தது. எறிவதற்குள் அவர் சொல்ல ஆரம்பித்துவிட்டார். வண்டி வாங்கிய புதிதில் தனியாகச் சேலத்துக்குப் போனாராம். தொப்பூர்க் கணவாய் இறக்கத்தில் பின்னால் ஒரு லாரி. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டிருப்பான் போல, பிரேக் பிடிக்காமல் ஹாரன் அடித்துக்கொண்டே வந்திருக்கிறது. இவர் ஓரம் கட்டியதும் கண்ணாடியை உரசுகிற மாதிரி தாண்டிப் போயிற்றாம். ரொம்ப நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாராம். வீட்டுக்கு வந்து என்னிடம் பஞ்சர் என்று சொன்னார். எனக்கு நினைவிருக்கிறது. டீ போட்டுக் கொடுத்தேன்.

"அதுக்கப்பறம் சாவியத் தொட்டாலே அந்த ஹாரன்தான் காதுல கேக்குது."

பாவமாக இருந்தது. கோபமும் குறையவில்லை. பயமென்றால் பயமென்று சொல்ல வேண்டியதுதானே, நான் ஓட்டியிருப்பேனே என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்னார்: "நீ ஓட்டி நான் பக்கத்துல உக்காந்து போனா, நாலு பேரு என்ன நெனப்பாங்க?"

"அந்த நாலு பேருதாங்க தெனமும் பஸ்ல என் காலை மிதிக்கிறாங்க. அவங்க என்னைப் பத்தி ஒண்ணுமே நெனக்கிறதில்ல."

கடைசியில் ஒரு உடன்படிக்கைக்கு வந்தோம். வண்டியை நான் ஓட்டுவேன். சேலத்தில் மண்டபத்துக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தி இடம் மாறிக்கொள்ள வேண்டும். வாசலுக்குள் அவர் ஓட்டிக்கொண்டு போவார். அண்ணனுக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கும் எதுவும் தெரியக்கூடாது. இது என்ன அநியாயம் என்று தோன்றியது. ஆனால் சாவி அவர் சட்டைப் பையில் இருந்தது. சரி என்று தலையாட்டினேன்.

மறுபடி சார்ஜரை மாட்டி, பச்சை விளக்கு எரிந்த மறுநாளிலிருந்து காரில்தான் இண்டூருக்குப் போனேன். முதல் வாரம் முதுகெல்லாம் வியர்த்தது. மாடு குறுக்கே வந்தது, டிராக்டர்க்காரர் வழி விடவில்லை, மேட்டில் வண்டி அணைந்து பின்னால் இருந்தவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆனாலும் சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம். தினமும் ஓடிய வண்டியில் பேட்டரி இறங்கவே இல்லை. அவ்வளவு ஆராய்ச்சிக்குப் பிறகு வாங்கிய சார்ஜர் பெட்டிக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

நிச்சயதார்த்தத்தன்று காலையில் கிளம்பினோம். தொப்பூர் வந்ததும் அவர் மேலே இருந்த கைப்பிடியைப் பிடித்தவர், இறக்கம் முடிகிறவரை விடவில்லை. இன்னொரு கையில் ஜெபமாலை. கியரைக் குறைத்துக்கொண்டு, லாரிகளைப் போகவிட்டு, மெதுவாக இறங்கினேன். கீழே சமதளம் வந்ததும் தண்ணீர் கேட்டார்.

மண்டபத்துக்கு முன்னால் ஒரு டீக்கடை ஓரமாகச் சொன்னபடியே நிறுத்தினேன். இறங்கிப் போய் அவர் கையில் சாவியைக் கொடுத்தேன். அங்கிருந்தே வாசல் தெரிந்தது. பட்டு வேட்டியில் மூத்தவரும், பக்கத்தில் மாப்பிள்ளையின் அப்பாவும், சொந்தக்காரர்களும் நின்றிருந்தார்கள். அந்த மலையை இறக்கிக் கொண்டுவந்தவள் நான், கடைசி நூறடிக்குப் பெயர் இவருக்கு. அந்த நிமிடம் அவரைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அவர் டிரைவர் பக்கக் கதவு வரைக்கும் போனார். கைப்பிடியில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். வாசலில் ஒரு டூரிஸ்ட் பஸ் பின்னால் வந்து திரும்பிக்கொண்டிருந்தது. பிறகு சுற்றி வந்து சாவியை என்னிடமே நீட்டினார்.

"நீயே உள்ள கொண்டு போயிரு."

பஸ்ஸைப் பார்த்துப் பயந்துவிட்டார் என்று நினைத்தேன். அவர் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டார். நான் ஏறி உட்கார்ந்து, பஸ்ஸுக்கும் சுவருக்கும் நடுவில் வண்டியை நுழைத்து, நேராக அவர்கள் காலடியில் கொண்டுபோய் நிறுத்தினேன். மூத்தவர் ஸ்டியரிங்கையும் என்னையும் பார்த்தார், அப்புறம் தம்பியைப் பார்த்தார்.

"ஏண்டா, கை வலியா?"

மாப்பிள்ளையின் அப்பாவும் சும்மா இருக்கவில்லை. ராத்திரி தூக்கம் இல்லையோ, கண்ணாடி எடுத்துவர மறந்துவிட்டாரோ என்று அவர் பங்குக்குக் கேட்டார். ஆளுக்கு ஒரு சாக்கை எடுத்துக் கையில் கொடுத்தார்கள். என் வீட்டுக்காரர் எதை வாங்கிக்கொள்ளப் போகிறார் என்று ஸ்டியரிங்கைப் பார்த்தபடி காத்திருந்தேன். அவர் இறங்கினார். வேட்டியைச் சரிசெய்தார்.

"கை நல்லாத்தாண்ணா இருக்குது," என்றார். "எனக்கு கார் ஓட்டப் பயம். ரொம்ப நாளாவே பயம். வூட்ல இருந்தே இவதான் ஓட்டிட்டு வந்தா. நல்லா ஓட்டுவா."

யாரும் சிரிக்கவில்லை. எல்லாவற்றுக்கும் யோசனை வைத்திருக்கிற மூத்தவர், உள்ளே வாருங்கள், டிபன் ஆறுகிறது என்று மட்டும் சொன்னார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என் வீட்டுக்காரரை எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது அன்றைக்குத்தான். எல்லாரும் நான் இறங்குவதற்காக நின்றார்கள். கண் நிறைந்துவிட்டது, நிமிர்ந்தால் தெரிந்துவிடும். குனிந்து, ஏற்கெனவே போட்டிருந்த ஹேண்ட் பிரேக்கை இன்னொரு தடவை இழுத்துப் போட்டேன்.