குடிக்கிற வாய் வரட்டும்

தேனி பஸ் பண்ணைப்புரத்தில் நின்றதும் கண்டக்டர் இறங்கி நேரே என்னிடம் வந்தார். "கம்பவுண்டரய்யா, பச்சை டாக்டரம்மா காலையில தவறிட்டாக. பழனிசெட்டிபட்டி வீட்டுலதான் வச்சிருக்காக. உங்களுக்குச் சொல்லச் சொன்னாக" என்றார். பஸ்ஸுக்குள் இருந்த பெண்கள் சிலர் ஐயோ என்று வாயில் அடித்துக்கொண்டார்கள். வெளியூர்க்காரர் ஒருவர் மட்டும், "பச்சைன்னா அவுக பேரா?" என்று கேட்டார். அழுத கண்ணோடு இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அதே பஸ்ஸில் ஏறிப் பழனிசெட்டிபட்டிக்குப் புறப்பட்டேன்.

அவர் பெயர் மரகதம். கம்பத்துப் பக்கம் எங்கள் ஆஸ்பத்திரிக்கு அவர் டாக்டராக வந்தபோது நான் அங்கே மருந்து கலக்குகிறவன். பொம்பளை டாக்டர் என்ன கிழிக்கப் போகிறார் என்று ஊரே வேடிக்கை பார்த்தது. இந்தப் பள்ளத்தாக்கில் வெயிலில் வேலை செய்து, தண்ணீர் குடிக்க மறந்து, நீர் போகும்போது எரிகிறது என்று வருகிறவர்கள் எப்போதும் உண்டு. அவர்களுக்கு இரண்டு மருந்து சேர்த்துக் கொடுப்போம். ஒன்று, குரோசானி ஓமம் என்கிற நஞ்சுப் பூண்டின் சாறும் மருந்து உப்பும் கலந்த மிக்சர். மற்றது, நீலச் சாயப் பொடி அடங்கிய மாத்திரை. அந்த மாத்திரையை விழுங்கினால் நீலம் மஞ்சளோடு கலந்து நீர் பச்சையாகப் போகும். மரகதம் அம்மாள் கொடுத்தால் மரகதப் பச்சையாகத்தானே போகும் என்று எவனோ சொல்லிவிட்டான். அன்றோடு அவர் பச்சை டாக்டரம்மா ஆனார். அவருக்கு அதில் கோபமே கிடையாது. "பேரு நல்லாத்தானே இருக்கு, கம்பவுண்டரே. மூத்திரத்துல எழுதின பேரு யாருக்குக் கிடைக்கும்?" என்பார்.

முதலில் அந்த நிறத்தால் வந்த வம்பு கொஞ்சமல்ல. ஏலத்தோட்டத்து மேஸ்திரி ஒருவர் மருந்து வாங்கிப் போன மறுநாள், யாரோ தனக்குச் செய்வினை வைத்துவிட்டார்கள் என்று கோடாங்கியைக் கூப்பிட்டு உடுக்கடிக்க வைத்துவிட்டார். மருந்துப் பாட்டிலை உடைத்துப் புதைத்தாகிவிட்டது. டாக்டரம்மா மலையேறிப் போய் அவரைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவரோ என்னைத்தான் திட்டினார். "பச்சையாப் போகும்னு முன்னாடியே சொல்லாம மாத்திரையைக் கையில கொடுத்தா, அந்த மனுசன் வேற என்னத்தச் செய்வான்?" அதற்குப் பிறகு மாத்திரையை எடுக்குமுன் நிறத்தைச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் ஆஸ்பத்திரியில் சட்டமாகிவிட்டது. வெள்ளை வேட்டியில் கறை படும், அதற்கும் பயப்படாதே என்று சேர்த்துச் சொல்லச் சொன்னார்.

இன்னொருவர் பாரவண்டிக்காரர். எரிச்சல் சீக்கிரம் அடங்கட்டும் என்று பாட்டிலில் ஒட்டியிருந்த அளவுத் தாளை மதிக்காமல், ஒரு நாளைக்கான மிக்சரை ஒரே மூச்சில் குடித்திருக்கிறார். நாக்கு வறண்டு, நெஞ்சு படபடத்து, பார்வை மங்கி, மாட்டை வாய்க்காலுக்குள் ஓட்டிவிட்டார். நனைந்த வேட்டியோடு சண்டைக்கு வந்தவரை டாக்டரம்மா உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார், படபடப்பு அடங்கும்வரை போகவிடவில்லை. "இந்த மருந்து வலியைத்தான் அடக்கும். வலி அடங்கினா நோய் போச்சுன்னு நினைக்காத. குளுரு காய்ச்சல் வந்தாலோ, இடுப்புக்கு மேல முதுகு வலிச்சாலோ பாட்டிலை மூடி வச்சுட்டு இங்கன ஓடி வா. இதக் குடிக்கிற வரைக்கும் வண்டியும் ஓட்டாத" என்றார். "அப்ப மாடு பட்டினியாக் கெடக்கும்" என்றார் வண்டிக்காரர். "வாய்க்காலுக்குள்ள கெடக்குறதுக்கு அது தேவலாம்" என்றார் இவர்.

ஆனால் டாக்டரம்மாவை அறிந்த உங்களில் பலரும் அவரைப் பற்றிப் பேசும்போது சொல்வது சுருளிப்பட்டி சங்கதியைத்தான். ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறீர்கள். கூடவே இருந்தவன் நான். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

செல்லத்தாய் என்ற பெண் வந்தாள். வெள்ளாமை செய்கிற சம்சாரி வீட்டு மருமகள், நல்ல உடம்பு. தலையைக் குனிந்துகொண்டு, "சூடு பிடிச்சிருச்சும்மா" என்றாள். நம் பக்கத்தில் இந்தச் சொல்லுக்குள் எல்லாம் அடக்கம். நீர் எரிந்து போனாலும் சூடு, போகவே மாட்டேன் என்றாலும் சூடு. முன்னது நீர்க்கடுப்பு, பின்னது நீர்க்கட்டு. வைத்தியத்தில் இரண்டும் எதிரும் புதிரும். ஓமச் சாறு மூத்திரப்பையின் இழுப்பைத் தளர்த்தும். கடுப்பு உள்ளவருக்கு அது சுகம். கட்டு உள்ளவருக்கோ, முக்கித் தள்ளுகிற கொஞ்சநஞ்சத் தெம்பும் அதனால் போய்விடும். டாக்டரம்மா அவளைத் துருவித் துருவிக் கேட்டார். எரிகிறது என்றுதான் சொன்னாள். மருந்து கொடுத்தோம், நிறத்தையும் சொல்லித்தான் அனுப்பினோம்.

இரண்டு நாளில் திரும்பி வந்து இன்னும் மருந்து வேண்டும் என்றாள்.

"பச்சையாப் போச்சா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"இல்லம்மா, எப்பவும் போலத்தான் போகுது."

டாக்டரம்மா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "மாத்திரை முழுங்கினவ பச்சையாத்தான் போகணும். நீ முழுங்கல. யாரு முழுங்குனது?"

செல்லத்தாய்க்கு முகம் செத்துவிட்டது. "எங்க மாமனாருதாம்மா. பொம்பள டாக்டருகிட்ட வந்து இதை எப்பிடிச் சொல்றதுன்னு, எனக்குன்னு சொல்லி வாங்கியாரச் சொன்னாக."

"அவருக்கு எரியுதா, இல்ல வரவே மாட்டேங்குதா?"

"சொட்டுச் சொட்டாத்தாம்மா வந்துக்கிட்டிருந்துச்சு. இந்த மருந்து குடிச்சதுல அதுவும் நின்னுபோச்சு. அடிவகுறு கல்லு மாதிரி இருக்கு. நேத்துலருந்து கத்துறாக."

மாமனாருக்காக மருமகள் நோயாளியாக வேஷம் போடுவது அன்றைக்கு நம் வீடுகளில் மரியாதை என்று பெயர் வாங்கியிருந்தது. அந்த மரியாதை ஒரு மனிதனைச் சாகடித்துக்கொண்டிருந்தது. வண்டி கட்டச் சொல்லிவிட்டு டாக்டரம்மா நீர் எடுக்கிற ரப்பர் குழாயைத் தானே எடுத்துக்கொண்டார். செல்லத்தாயையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம்.

சுருளிப்பட்டி வீட்டு வாசலில் பெரியவரின் மகன், செல்லத்தாயின் புருஷன், கையை விரித்து மறித்துக்கொண்டு நின்றான். "கம்பவுண்டரு உள்ள வரட்டும். நீங்க இங்கனயே இருங்கம்மா." உள்ளேயிருந்து பெரியவர் முனகலும் கத்தலுமாக, "பொம்பள கை எம் மேல படப்படாது. செத்தாலும் சரி" என்றார்.

"இவருக்கு மருந்து கலக்கத் தெரியும். குழாய் விட எனக்குத்தான் தெரியும்" என்றார் டாக்டரம்மா. பிறகு உள்ளே கேட்கும்படி குரலை உயர்த்தினார். "பெரியவரே, நான் இங்கனயே நிக்கிறேன். எனக்கொண்ணும் கஷ்டமில்ல. ஆனா நான் வெளிய நின்னா உங்க மூத்திரமும் உள்ளயே நிக்கும். எது முதல்ல அசையுதுன்னு பாப்போம்." சொன்னபடியே நின்றார். வெயில் உச்சியில் காய்ந்தது. தெருவே கூடிவிட்டது. மகனை அவர் கெஞ்சவும் இல்லை, வாசலை விட்டு நகரவும் இல்லை. நான்தான் பயத்தில், திரும்பிப் போய்விடலாமா என்று அவர் காதோரம் கேட்டேன். "நான் கொடுத்த மருந்து அந்த வகுத்துக்குள்ள கெடக்கு, கம்பவுண்டரே. அத விட்டுட்டு எங்க போறது?" என்றார்.

அப்போது செல்லத்தாய் புருஷனைத் தள்ளிவிட்டு வாசலுக்கு நடுவே வந்தாள். மாமனார் முன் குரலே எழுப்பாதவள் என்று தெரு சொல்லும். அவள் உள்ளே திரும்பிச் சொன்னாள். "மாமா, எம் பேரச் சொல்லி மருந்து வாங்கியாரச் சொன்னீக, வாங்கியாந்தேன். இப்ப அதே எம் பேரச் சொல்லி டாக்டரம்மாவ உள்ள கூப்பிடுறேன். நீங்க செத்துப்போனா அந்தப் பழியும் எம் பேருலதான் விழும்." பிறகு டாக்டரம்மாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். மகன் ஒதுங்கிக்கொண்டான்.

டாக்டரம்மா குழாயைக் கொதிநீரில் போட்டு எடுத்து, கையைத் தேய்த்துக் கழுவி, பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்தார். பெரியவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நான் அண்டாவைப் பிடித்திருந்தேன். அண்டாவில் விழுந்தது நல்ல பச்சை. அவசரப்படாமல், இடையிடையே நிறுத்தி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வடியவிட்டார். நெடுநேரம் கழித்துப் பெரியவர் பெருமூச்சு விட்டு, "தாயி" என்றார். அவர் சொன்னது அந்த ஒரு சொல்தான். மறுநாளே மதுரைக்கு அனுப்பி அறுவை செய்ய வைத்தோம். பிறகு பல வருஷம் நடமாடினார்.

திரும்பும்போது டாக்டரம்மா, "இன்னும் ஒரு நாள் போயிருந்தா என் மருந்தே அவர முடிச்சிருக்கும்" என்றார். அவர் பயந்து நான் பார்த்தது அன்றுதான். மறுநாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருந்த எல்லோருக்கும் கேட்கும்படி, "இனிமே எந்த மருந்தா இருந்தாலும் சரி, குடிக்கிற வாய் என் முன்னால வரட்டும். வேற வாய் வந்தா ஒரு சொட்டுக் கிடையாது" என்றார். பெரிய இடத்துச் சிபாரிசோடு ஆள் வந்தது, மேலே பிராது போனது, ஒரு மாதம் ஆண்கள் வரத்தே குறைந்துபோனது. அவர் அசையவே இல்லை. பிறகு ஒருவர் பின் ஒருவராக, தோளில் கிடந்த துண்டால் பாதி முகத்தை மூடிக்கொண்டாவது வந்தார்கள்.

பழனிசெட்டிபட்டியில் அவரைக் கடைசியாகப் பார்த்தேன். உலக யுத்தக் காலத்தில் வேலையை விட்டு வந்ததிலிருந்து இளைத்திருந்தார். வாய் மட்டும் அதே பிடிவாதமாக மூடியிருந்தது. மாலை போட்டுவிட்டு அவர் காலடியில் நெடுநேரம் நின்றேன். எனக்கு அழுகையை விட வெட்கம்தான் அதிகமாக இருந்தது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

சில மாதமாக எனக்கும் நீர் சரியாகப் போகவில்லை. வயசு அப்படி. தேனி ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருப்பது சின்ன வயசு லேடி டாக்டர் என்று கேள்விப்பட்டதும் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டிருந்தேன். துஷ்டி வீட்டிலிருந்து திரும்பி வந்து தலை முழுகிவிட்டு உட்கார்ந்ததும் என் மனைவி மெல்லக் கேட்டாள். "ஏங்க, நான் போயி எனக்குன்னு சொல்லி வாங்கியாரட்டுமா?"

"வேணாம்" என்றேன். "நானே போறேன்."

மரகதம் அம்மாளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்த ஒரு பிடிவாதம்தான். அவரை அறிந்தவர்களே, நீங்களும் இதை வைத்துக்கொள்ளுங்கள். காலை பஸ்ஸில் தேனிக்குப் போனேன். எனக்கு முன்னால் ஏழெட்டுப் பெண்கள், பின்னால் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர். என் முறை வந்தது. அந்தச் சின்னப் பெண் தலை நிமிர்ந்து, "யாருக்கு மருந்து, ஐயா?" என்று கேட்டாள்.

வராந்தாவில் எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னேன்.

"எனக்குத்தான், தாயி."