சைராகுல் புகை போடாமல் மலையேறிய நாள்

"உன் ஆட்டுக்கு மூக்கு எரியுதுன்னு என் வழக்கத்தை விடச் சொல்றியா? போடா, போய் அதுங்களுக்கே காவல் இரு."

மலைவிலங்குப் பூங்காக் காவலாளி மெல்ஸின் முகத்துக்கு நேராகவே சைராகுல் இப்படி வெடித்தாள். கையில் புகைச்சட்டி, அதில் ஆபத்து அண்டாமலிருக்கப் புகைக்கிற ஆர்ச்சா மரத் தழை. மலை பார்க்க வந்தவர்களை நிறுத்தி, தலையைச் சுற்றி, மூட்டையைச் சுற்றி, குதிரை வயிற்றுக்கு அடியிலும் புகை காட்டாமல் அவள் ஒரு அடி எடுத்துவைக்க மாட்டாள்.

காரணம் இருந்தது. அவள் புருஷன் எசென் ஒரு விடியற்காலை அவசரமாக, புகை வாங்காமல் கணவாய்க்குப் போனான். பனி சரிந்தது. ஐந்தாம் நாள் தோண்டி எடுத்தார்கள். அதன்பிறகு இருபத்திரண்டு வருஷம், ஒற்றைக் குதிரையில் சுமை ஏற்றி, வெளியூர்க்காரர்களை மேலே நடத்திக் கூட்டிப்போய், அந்தக் கூலியில் இரண்டு பெண்களையும் கட்டிக்கொடுத்தாள். அந்தப் பள்ளத்தாக்கில் வழிகாட்டி அட்டை வாங்கிய பெண்பிள்ளை அவள் ஒருத்திதான்.

அந்தக் கோடையில் மூன்று கூட்டம் போய், மலையாட்டின் புழுக்கையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியது. கடைசிக் கூட்டம் புகார் எழுதிவிட்டது. அடுத்து வருகிறவர்களுக்கும் ஆடு கண்ணில் படாவிட்டால் அட்டையைப் பிடுங்கிவிடுவோம் என்றது பூங்கா அலுவலகம். அதைச் சொல்லத்தான் மெல்ஸ் வந்திருந்தான். வெயில் ஏறினால் காற்றும் மேலே ஏறும், உங்களுக்கு முன்னால் உங்கள் புகைவாசம் முகட்டுக்குப் போய் ஆட்டை விரட்டிவிடுகிறது என்று விளக்கினான். அதற்குத்தான் அந்த ஏச்சு.

மறுநாள் ஒரு ஜெர்மன்காரரும் அவர் மனைவியும் வந்து நின்றார்கள். சைராகுல் சட்டியைப் பற்றவைத்தாள். வேலியோரம் நின்ற மெல்ஸ் கோபப்படவில்லை.

"அக்கா, போட வேணாம்னு நான் சொல்லல. திரும்பி வந்தப்புறம் போடு."

"திரும்பி வரலைன்னா?"

"நானும் கூட வர்றேன். சரிஞ்சா நாலு பேரும் சேர்ந்து சரிவோம்."

சட்டியையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு நெருப்பில் தண்ணீரை ஊற்றினாள்.

நாலு பேரும் மலை ஏறினார்கள். கல்சரிவு வந்த இடத்திலெல்லாம் அந்தம்மாவின் கையைச் சைராகுல் விடவே இல்லை. முகட்டுக்கு வந்து குப்புறப் படுத்துப் பார்த்தால், எதிர்ச்சரிவில் இருபத்து மூன்று ஆடுகள். அதில் நாலு குட்டி. ஒரு கிழட்டுக் கிடா கழுத்தை வளைத்து, தன் கொம்பு நுனியாலேயே முதுகைச் சொறிந்துகொண்டிருந்தது. அந்தம்மா சத்தமில்லாமல் அழுதாள். வீட்டுக்காரருக்குப் படம் எடுக்கவே மறந்துபோனது. சைராகுல் ஆட்டைப் பார்க்கவில்லை. அவர்கள் கால் வைத்திருந்த கல் ஆடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் எல்லோரும் முழுசாக வந்து சேர்ந்தார்கள். மூச்சு முட்டும்வரை எல்லோருக்கும் புகை போட்டாள். மெல்ஸுக்கு இரண்டு தரம். அவன் இருமிக்கொண்டே நின்று வாங்கிக்கொண்டான். அட்டை அவளிடமே இருந்தது.

நல்ல வார்த்தை சொல்லி அவளுக்குப் பழக்கம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கி, மெல்ஸின் வாசலில் வீசினாள்.

"உன் காலைப் பார்க்கச் சகிக்கல. போட்டுத் தொலை."

மெல்ஸ் விலை கேட்டான். அவள் சொல்லவில்லை. சந்தையில் அவள் எண்ணிக் கொடுத்தது முந்நூற்று எண்பது சோம்.